‘சின்ன’ தெலுங்கா, வடமொழியா, கொச்சையா?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், “நான் சின்ன வயதில் என் சின்னம்மாவுடன் ஆற்றுக்குப் போவேன்” என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாள். திருத்தியவர் இரண்டு ‘சின்ன’வையும் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘சிறிய’ என்று எழுதி, ஓரத்தில் ‘பேச்சு வழக்கு, தெலுங்குச் சொல்’ என்று குறித்திருக்கிறார். வீட்டில் உங்கள் மாமனாரோ, “தெலுங்கு இல்லை, வடமொழி. சின்னாபின்னம் என்கிறோமே, அந்தச் சின்னம்தான்” என்று சொன்னாராம். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இருவர் சொன்னதும் சரியில்லை. ‘சின்ன’ நம்முடைய சொல். ‘சிறு’ என்ற வேரின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தெலுங்கில் இருக்கும் ‘சின்ன’ அதன் உடன்பிறப்பு. வடமொழிச் ‘சின்ன’வுக்கும் இதற்கும் ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு உறவில்லை. இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நிதானமாக விளக்குகிறேன். பாப்பா எழுதிய இரண்டு ‘சின்ன’வும் ஒரே பொருளில் வரவில்லை. அதையும் பார்க்க வேண்டும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பிறகு தமிழாசிரியனாகி, ஓய்வு பெற்று, இப்போது ஊரிலேயே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்தில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். கடைசி இரண்டு வீடு தெலுங்கர்கள், எதிர்ப்பக்கம் ஒரு மலையாளக் குடும்பம். இந்தச் சொல்லைப் பற்றிய முதல் பாடம் எனக்கு அந்த வாசலில்தான் கிடைத்தது. தெலுங்கு வீட்டுப் பாட்டி தன் பேரன்களை “பெத்தோடா”, “சின்னோடா” என்று கூப்பிடுவார். மூத்தவனே, இளையவனே என்று பொருள். எங்கள் அம்மா எங்களை “பெரியவனே”, “சின்னவனே” என்பார். மலையாள வீட்டில் ‘சின்ன’ அவ்வளவாகப் புழங்காது. அவர்களுக்குச் ‘செறிய’தான். சின்ன வயதை அவர்கள் ‘செறுப்பம்’ என்பார்கள். ஆனால் அப்பாவின் தம்பியை மட்டும் ‘சிற்றப்பன்’ என்பார்கள், நம் பழைய புத்தகங்களில் இருக்கிற மாதிரியே. மூன்று வீட்டுப் பேச்சையும் கேட்டுக்கொண்டே வளர்ந்தால், இவை ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பது இலக்கணம் படிக்காமலே மனத்தில் பதிந்துவிடும்.

சரி, கேட்டு வளர்ந்தது சான்றாகிவிடாது. மொழியறிஞர்கள் தாமஸ் பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி 1961இல் வெளிவந்தது, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984இல். அதில் தமிழ்ச் ‘சிறு’, ‘சின்ன’, தெலுங்குச் ‘சின்ன’, கன்னடக் ‘கிறு’, துளுவின் ‘கின்னி’ எல்லாம் உறவுச் சொற்களாகவே வரும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கன்னடமும் துளுவும். அங்கே சொல் ‘ச’வில் தொடங்கவில்லை, ‘க’வில் தொடங்குகிறது.

இது தற்செயல் கிடையாது. மிகப் பழைய காலத்தில் இ, எ போன்ற உயிரோடு வந்த ககரம், தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் பல சொற்களில் சகரமாக மாறியது. கன்னடம் பழைய ககரத்தையே வைத்துக்கொண்டது. நாம் ‘செவி’ என்கிறோம், அவர்கள் ‘கிவி’ என்கிறார்கள். நமக்குச் ‘சேரி’, அவர்களுக்குக் ‘கேரி’. நம் ‘செம்மண்’ அங்கே ‘கெம்மண்ணு’. அதே வரிசையில்தான் நம் ‘சிறு’வும் அவர்கள் ‘கிறு’வும். நாம் ‘சிறிய, பெரிய’ என்று சொல்லும் இணையைக் கன்னடர் ‘கிரிய, ஹிரிய’ என்பார்கள், இளையவர் மூத்தவர் என்ற பொருளில். பழைய பகரம் அவர்களிடம் ஹகரமாகிவிட்டது, அவ்வளவுதான். சுண்டுவிரலுக்கு அவர்கள் சொல் ‘கிருபெரளு’. சிறுவிரல் என்று நாம் சொல்வதே அது.

இப்போது உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். வடமொழியில் ‘சின்ன’ என்றால் ‘வெட்டப்பட்ட, துண்டான’ என்று பொருள். சின்னாபின்னம் என்பது வெட்டுண்டு சிதைந்த நிலை. அது வடமொழிதான், அதில் அவர் சொன்னது சரி. தேர்தல் நேரத்தில் கட்சிச் சின்னம் என்கிறோமே, அந்தச் ‘சின்னம்’ வேறு. அது அடையாளம் என்று பொருள்படும் இன்னொரு வடசொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் எழுதும்போது இவை எல்லாம் ஒரே உருவத்துக்கு வந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். வெட்டினால் துண்டு சிறியதாகிவிடும், ஆகவே சின்ன என்றால் சிறியது என்று ஒரு விளக்கத்தைச் சுலபமாகக் கட்டிவிடலாம். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ‘சின்ன’ அந்த வடசொல்லிலிருந்து வந்திருந்தால், துளுவில் ‘கின்னி’ எங்கிருந்து வந்தது? வடசொல்லில் ககரமே இல்லையே. ககரத்தில் தொடங்கும் இந்த உறவுச் சொற்கள் நம் மொழிக் குடும்பத்தின் மூல ஒலியைக் காட்டிக்கொடுக்கின்றன. அதனால் அந்த விளக்கம் நிற்காது.

(கன்னடத்திலும் ‘சின்ன’ என்று ஒரு சொல் உண்டு. அங்கே அதற்குத் தங்கம் என்று பொருள். கன்னடத் தாய் பிள்ளையை “சின்னா” என்று கொஞ்சினால், “தங்கமே” என்கிறாள். ஒலி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டும் உதாரணம் இது.)

அப்புறம் தெலுங்கு. தெலுங்கிலும் ‘சின்ன’ இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, ஆகவே நாம் வாங்கினோம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாங்கிய சொல் என்றால் இங்கே அதற்கு வேர் இருக்கக்கூடாது. ‘சின்ன’வுக்குத் தமிழில் வேர் இருக்கிறது, கிளை இருக்கிறது, பழைய இலக்கியத்தில் அடிச்சுவடும் இருக்கிறது.

தமிழில் ல், ற், ன் மூன்றும் நெருங்கிய எழுத்துகள். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். நல்ல, நற்பண்பு, நன்மை என்று மூன்று வடிவத்தில் ஒரே சொல் வருகிறது பாருங்கள். பொன் குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம். கல் சிலையோடு சேர்ந்தால் கற்சிலை. இதே மாதிரிதான் சில், சிற், சின். ‘சில்’ என்பதற்குச் சிறுமை, கொஞ்சம் என்று பொருள். சில பேர் என்னும் ‘சில’, கையில் குலுங்கும் ‘சில்லறை’, நொண்டியடித்து விளையாட நாம் பொறுக்கிய ஓட்டுச் ‘சில்லு’, எல்லாம் இந்தப் பக்கத்துச் சொற்கள். நூலோடு ‘நல்’ சேர்ந்தால் நன்னூல் ஆவதைப் போல, நீரோடு ‘சில்’ சேர்ந்தால் சின்னீர் ஆகும்.

அந்தச் ‘சின்னீர்’ கலித்தொகையின் பதினோராவது பாட்டில் இருக்கிறது. பொருள் தேடப் பாலை வழியே போகும் தலைவன், அந்த வழியில் என்னவெல்லாம் இருக்கும் என்று சொல்லியிருந்ததைத் தலைவி நினைத்துப் பார்க்கிறாள். ‘துடியடிக் கயந்தலை கலக்கிய சின்னீரைப் பிடியூட்டிப் பின்னுண்ணும் களிறு’ என்று ஒரு காட்சி. கொளுத்தும் வெயில். குட்டையில் கொஞ்சம் தண்ணீர். துடி என்ற பறை போன்ற பாதத்தை உடைய யானைக்கன்று அதையும் இறங்கிக் கலக்கிவிட்டது. அந்தக் கொஞ்ச நீரையும் ஆண் யானை முதலில் பெண் யானைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் குடிக்கிறது. இந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும். ‘சின்’ என்ற ஒலி சிறுமைப் பொருளில் அவ்வளவு பழங்காலத்திலேயே தமிழில் புழங்கியிருக்கிறது. தெலுங்கிடம் கடன் வாங்க வேண்டிய தேவை எங்கே வந்தது?

இன்னொரு சான்று, எனக்கு மிகவும் பிடித்தது, ஆண்டாளிடம் இருக்கிறது. திருப்பாவையின் இருபத்தொன்பதாம் பாசுரம் ‘சிற்றஞ் சிறுகாலே’ என்று தொடங்கும். விடிந்தும் விடியாத மிக இளங்காலைப் பொழுது என்று பொருள். இன்று நாம் ஒன்றை மிகவும் சிறியது என்று அழுத்திச் சொல்ல ‘சின்னஞ்சிறு’ என்கிறோம். ஆண்டாளின் ‘சிற்றஞ்சிறு’வும் நம் ‘சின்னஞ்சிறு’வும் ஒரே அச்சு. ற்ற இருந்த இடத்தில் ன்ன இருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. ‘சிற்று’ம் ‘சின்ன’வும் ஒரே சொல்லின் இரண்டு முகம் என்பதற்கு இதைவிட நேரான காட்சி வேண்டுமா?

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் ‘சிறுகாலே’ உடம்போடு ஒட்டிய சொல். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை போகும்போது எங்கள் அம்மா அடுப்படியில் கட்டங்காப்பி ஊற்றிக்கொண்டிருப்பார். பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, இன்னும் நேரம் இருக்கும். தலைவிளக்கை நெற்றியில் கட்டி, வாளியைக் கையில் கோத்துக்கொண்டு கிளம்பும்போது வெளியே பனிமூட்டம்தான் தெரியும். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் சரியாக ஓடாது. அதனால்தான் பால்வெட்டுக்கு அவ்வளவு முன்னால் போக வேண்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, “இந்தப் பொண்ணும் நம்ம நேரத்துக்குத்தான் எந்திரிச்சிருக்கு” என்றார். சிறுகாலை என்பதற்கு நான் படித்த உரைகளில் எதுவும் இவ்வளவு கிட்டத்தில் வரவில்லை.

இலக்கண நூலிலும் ஒரு வரி. பவணந்தி முனிவர் நன்னூலில் பிரிக்க முடியாத பண்புப் பெயர்களை அடுக்கும்போது ‘செம்மை சிறுமை சேய்மை தீமை’ என்றுதான் தொடங்குகிறார். பட்டியலில் இரண்டாவது நம் சொல். இந்தச் சிறுமை மற்ற சொல்லோடு சேரும்போது மை போய்விடும், தேவைப்பட்டால் றகரம் இரட்டிக்கும். சிறுமை ஊர் என்றால் சிற்றூர், உண்டி என்றால் சிற்றுண்டி.

றகரம் இரட்டித்து வந்த இந்தச் சொற்கள் பேச்சில் இன்னொரு படி மாறின. காற்று காத்து ஆவது போல, சோற்றுப்பானை சோத்துப்பானை ஆவது போல, சிற்றப்பன் சித்தப்பன் ஆனார், பிறகு சித்தப்பா. சித்தியிலும் அதே சிறுதான். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கொத்தனாருக்கு உதவியாளைச் ‘சித்தாள்’ என்பார்கள், அது சிற்றாள். கடிக்கும் சித்தெறும்பு சிற்றெறும்பு. இருமலுக்குப் பாட்டி இடித்துக் கொடுத்த சித்தரத்தை, சிற்றரத்தை. அதன் பெரிய உறவு பேரரத்தை, நாம் இங்கே சந்தையில் ‘லெங்குவாஸ்’ என்று கேட்டு வாங்குவது. உங்கள் வீட்டில் ரெண்டாங் கறி சமைத்தால் பாப்பாவிடம் அந்தக் கிழங்கைக் காட்டி, “இதன் தங்கச்சிதான் சித்தரத்தை” என்று சொல்லுங்கள், சொல் மறக்காது.

தேவாரம் பாடி முடிக்கும்போது ‘திருச்சிற்றம்பலம்’ என்கிறோம். அதிலும் இருப்பது இதே சிறு. சித் என்ற அறிவோடு சேர்த்துத் தத்துவமாக விளக்குவாரும் உண்டு. ஆனால் தில்லையில் சிற்றம்பலம் இருக்கும் கோயிலிலேயே பேரம்பலமும் இருக்கிறது. சிறிது, பெரிது என்று இரண்டு அம்பலம் ஒரே கோயிலில் நிற்கும்போது நேர்ப்பொருளை விட்டு விலகவேண்டியதில்லை என்பது என் கருத்து.

இவ்வளவும் பிறப்பைப் பற்றி. பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் மகளின் வாக்கியத்துக்கு நியாயம் கிடைக்காது.

‘சின்ன’ அளவில் சிறியதை மட்டும் குறிக்கும் என்று நினைத்துத்தான் திருத்தியவர் இரண்டு இடத்திலும் ‘சிறிய’ போட்டிருக்கிறார். உண்மையில் நாம் பேசும் ‘சின்ன’வில் பாதி, வரிசையைக் குறிக்கிறது. மூத்தது எது, அடுத்தது எது என்ற வரிசை. தோட்டத்தில் இது பளிச்சென்று தெரியும். மேனேஜர் பெரிய துரை, அசிஸ்டன்ட் சின்னத்துரை. சின்னத்துரை ஆறடி உயரம் இருப்பார், பெரிய துரை அவர் தோளுக்கு இருப்பார், யாருக்கும் குழப்பம் வராது. ஆபீசில் கணக்கு எழுதுபவர்களில் பெரிய கிராணி, சின்னக் கிராணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவரைச் சில்லறைக் கங்காணி என்றார்கள், அங்கே ‘சில்’ பக்கத்துச் சொல் போய் அதே வேலையைச் செய்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றில் ஏறியதே ஒரு பெரிய துரை, சின்னத்துரை கதையால்தான். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. இறந்த மூவரில் இருவர் ஐம்பது வயது எட்டிய நிர்வாகிகள். மூன்றாமவர் உதவியாளர், வயது 21. எங்கள் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது, “அந்தச் சின்னத்துரை பாவம், பையன்” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ‘சின்ன’ பதவியையும் சொல்கிறது, வயதையும் சொல்கிறது. இதில் ‘சிறிய துரை’ என்று மாற்றிப் பாருங்கள். ஆளின் உருவம்தான் சுருங்கும், பொருள் போய்விடும்.

‘சிறு’ என்பதே எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த நாட்டில் ரப்பர் நிலம் 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது சிறுதோட்டம், அதற்கு மேல் போனால் எஸ்டேட் என்று வகுத்தார்கள். 90 ஏக்கர் வைத்திருப்பவரும் கணக்கில் சிறுதோட்டக்காரர்தான். நான்கு ஏக்கர் வைத்திருப்பவரும் அவரும் ஒரே பெயரில் வருவார்கள். 1950களில் பெரிய தோட்டங்களை வெள்ளைக்கார முதலாளிகள் விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோது, நம் மக்கள் வேலையும் லயத்து வீடும் சேர்ந்து போயின. அதைத் தடுக்கத்தான் இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சொல்லாராய்ச்சியில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். ‘சிறுதோட்டம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது எங்கள் தலைமுறைக்கு ஏக்கர் கணக்கோடு இந்த நினைவும் சேர்ந்தே வரும்.

இனி சின்னம்மா. அம்மாவின் தங்கை, அல்லது அப்பாவின் தம்பி மனைவி. வயதில் அம்மாவுக்கு இளையவர் என்பதுதான் ‘சின்ன’வின் பொருள். என் சின்னம்மாவுக்கு இப்போது 81 வயது. என் அம்மா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது, பெரியம்மா அதற்கும் முன்னால். மூத்தவர் என்று அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் இவர் ஒருவரே. ஆனாலும் அவர் சின்னம்மாதான். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது கண் சரியாகத் தெரியாமல் என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, “பெரியவனா, சின்னவனா?” என்றார். எனக்கு 68 வயது. “சின்னவன்” என்றேன். என் கையை விடவே இல்லை.

இந்த வழக்கம் நம்மிடம் மட்டும் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அக்கம்பக்கத்து மலாய்க்காரப் பெரியவரை ‘பாக் சிக்’ என்கிறோம், அம்மாவை ‘மாக் சிக்’. அந்தச் ‘சிக்’, சிறியது என்று பொருள்படும் ‘கெச்சில்’ என்பதன் பேச்சு வடிவமான ‘கெச்சிக்’கிலிருந்து வந்தது. சின்ன அப்பா, சின்ன அம்மா என்பதே நேர்ப்பொருள். தமிழோடு பிறப்புறவு இல்லாத மொழி, ஆனால் உறவை எண்ணும் முறை ஒன்றாக இருக்கிறது. சந்தையில் ‘பாவாங் கெச்சில்’ என்று கேட்டு வாங்கிவந்து வீட்டில் சின்ன வெங்காயம் என்கிறோம். அங்கே மட்டும் ‘சின்ன’ உண்மையிலேயே அளவைச் சொல்கிறது.

‘சின்ன’வும் ‘சிறிய’வும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைப்பதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. ‘சிறு’வுக்குப் பழைய நூல்களிலேயே ஒரு குணப்பொருள் ஏறிவிட்டது. ‘செயற்கரிய செய்வார் பெரியர் சிறியர் செயற்கரிய செய்கலா தார்’ என்கிறது குறள். அங்கே சிறியர் என்றால் உருவத்தில் சிறியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சிறுமைப்படுத்தினான்’ என்றால் அவமானப்படுத்தினான் என்றே பொருள். ஆனால் வள்ளுவரே பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று அதே சொல்லைக் குழைத்துத் தருகிறார். பிள்ளையின் கை துழாவிய கூழ் அமிழ்தைவிட இனிது. கூழ் காய்ச்சிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கை தெரியும். விரல் இடுக்கில் வடியும், நெஞ்சில் வடியும், அம்மா ஒன்றும் சொல்லமாட்டார்.

‘சின்ன’ அந்தக் கொஞ்சலை அதிகமாக எடுத்துக்கொண்டது. அது முழுக்கக் கொஞ்சல் என்றும் சொல்ல முடியாது, ‘சின்னத்தனம்’ என்று ஒரு சொல் இருக்கிறதே. பாரதி ‘சின்னஞ் சிறு கிளியே’ என்று குழந்தையைக் கூப்பிடுகிறார். அதே பாரதி ‘தேடிச் சோறு நிதந் தின்று பல சின்னஞ் சிறு கதைகள் பேசி’ என்று வெறுப்போடு சொல்கிறார். ஒரே சொல், ஒரே கவிஞர், ஓரிடத்தில் உச்சி முகர்கிறது, இன்னோரிடத்தில் காறி உமிழ்கிறது. பாரதி எழுதிய சொல்லைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னசாமி, சின்னப்பன், சின்னையா, சின்னத்தம்பி, சின்னப்பொண்ணு என்று நம் பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சொல்தான் பெயர். சொல்லின் முதலில் வரும் சகரத்தை நாம் மெலிதாக ஒலிக்கிறோம், தெலுங்கர் அழுத்தி ஒலிக்கிறார்கள். ஆகவே பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எஸ் போட்டும் எழுதினார்கள், சி, எச் போட்டும் எழுதினார்கள். என் மாமா வீட்டில் அப்பா பெயர் ஒரு பிள்ளையின் பத்திரத்தில் எஸ், இன்னொரு பிள்ளையின் பத்திரத்தில் சி. நிலத்தைப் பிரிக்கப் போனபோது, இருவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று சத்தியப் பத்திரம் கொடுக்கவேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுப் பத்திரங்களையும் இப்போதே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, பாப்பாவின் கட்டுரைக்கு வருவோம். ‘சின்ன வயதில்’ என்பது தவறில்லை. தேர்வில் எழுத்து வழக்கை எதிர்பார்ப்பார்கள் என்பதால் ‘சிறு வயதில்’ என்று எழுதட்டும். ‘சிறிய வயதில்’ என்பதைவிட அது தமிழாக ஓடும், காதுக்கும் நன்றாக இருக்கும். ‘சின்னம்மா’வை மட்டும் யார் சொன்னாலும் மாற்றவேண்டாம். அது உறவுப் பெயர். ‘சிறிய அம்மா’ என்று எழுதினால் குள்ளமான ஒரு அம்மா என்றாகும். வேண்டுமானால் ‘சித்தி’ என்றோ ‘சிற்றன்னை’ என்றோ எழுதலாம், ஆனால் அவள் வீட்டில் அப்படிக் கூப்பிடுவதில்லையே. ஆசிரியரிடம் போய் வாதாட வேண்டாம். ஒரு தாளில் ஆண்டாளின் ‘சிற்றஞ் சிறுகாலே’யையும் கீழே ‘சின்னஞ்சிறு’வையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் படித்தவர் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். பாப்பாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, லயத்தில் ‘சின்ன’ போட்டு என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சின்ன மரம், சின்ன வாளி, சின்னக் கிராணி, சின்னோண்டு என்று அவர் வாயிலிருந்து வருவது எதுவானாலும், யாரை, எதை, எப்போது அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.